கடுகும் மேருவும்

நேற்றுக் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒன்றைப் பகிர்ந்திருந்தார். நியூட்டனின் மூன்று இயக்க விதிகளையும், வைசேஷிகம் என்ற பழைய இந்தியத் தத்துவத்தைத் தொடங்கிய கணாதர் அன்றே எழுதிவிட்டாராம். ஆதாரத்துக்கு மூன்று சமஸ்கிருத வரிகள். அவை கணாதரின் சூத்திரங்களே அல்ல. அவருக்குப் பின்வந்த பிரசஸ்தபாதர் 'வேகம்' என்ற குணத்தை விளக்கிய ஒரே பகுதியை யாரோ மூன்றாக நறுக்கி எண் போட்டிருக்கிறார்கள்.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். ஆனாலும் கணாதருக்காகத்தான் கோபம் வந்தது. நியூட்டனுக்கு வக்காலத்து வாங்க நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கணாதர் வழிவந்த வைசேஷிகர்கள் உண்மையில் வாதாடியதைக் கேளுங்கள். ஒரு பொருளை வெட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்கும்? நிற்காது என்றால் மேரு மலைக்கும் முடிவில்லாத துண்டுகள், கடுகுக்கும் முடிவில்லாத துண்டுகள். பிறகு மேரு பெரிது, கடுகு சிறிது என்று எதை வைத்துச் சொல்வது? ஆகவே வெட்டு ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அங்கே மிஞ்சுவது பகுதிகளற்ற பரமாணு. (கணிதம் படித்தவர்கள் இதில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும்.)

எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலில் காலை வெயில் சாய்ந்து விழும்போது தூசி மிதக்கும். கண்ணுக்குத் தெரிவதிலேயே மிகச் சிறியது என்று அவர்கள் எடுத்துக்கொண்டது அந்தத் துகளைத்தான். இரண்டு பரமாணு சேர்ந்தால் துவியணுகம். மூன்று துவியணுகம் சேர்ந்தால் திரியணுகம், அதாவது அந்தத் தூசி. மொத்தம் ஆறே பரமாணு! இன்றைய கணக்கில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள தூசியில் ஏறத்தாழ கோடி கோடி அணுக்கள். இங்கே அவர்கள் தோற்றார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த 'மூன்று' எதற்கு என்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தில் நான் சொக்கிப்போகிறேன். நுண்மையோடு நுண்மை சேர்ந்தால் இன்னும் நுண்மைதான் பிறக்கும், பருமன் வராது. எனவே பருமனைத் தருவது அளவு அல்ல, எண்ணிக்கை!

விழுவதற்குக் காரணம் 'குருத்துவம்' என்றார் கணாதர். அது பொருளிலேயே இருக்கும் கனம். பூமி இழுப்பதாக அவர் சொல்லவில்லை. காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்கோ அவர் காட்டிய காரணம் 'அதிருஷ்டம்', கண்ணுக்குப் புலப்படாதது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்கள் நம்பும் அதே சொல்தான். தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து ஓரமாக வைத்திருக்கிறார். அதையும் மின்காந்தவியல் என்று சொல்லி ஒரு பகிர்வு வராமலா போகும்?

மாலையில் சித்தப்பாவை அழைத்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "சரிப்பா, பரமாணுவுக்குப் பகுதியே கிடையாது என்கிறாய். அப்படியானால் ஒன்று இன்னொன்றோடு எந்தப் பக்கத்தில் ஒட்டும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பௌத்தரான வசுபந்து அணுவாதிகளை மடக்கிய கேள்வி அது. ஆறு திசையிலிருந்தும் ஆறு பரமாணுக்கள் வந்து தொட்டால், நடுவில் இருப்பதற்கு ஆறு பக்கங்கள் உண்டென்று ஆகாதா? சித்தப்பா வசுபந்துவைப் படித்தவரல்லர். அரை மணி நேரம் பேசினோம்.

அந்தப் பகிர்வை நீக்கச் சொல்லத்தான் அழைத்திருந்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.