அந்தக் காணொளியில் இல்லாத ஆள்

மூன்று நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன். எந்தக் காணொளி என்று சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேராவது அதைப் பகிர்ந்து, மேலே "இதுகளெல்லாம் படித்ததுகளா" என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். பாரிசவாதம் வந்த ஒரு பெரியவர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுவிட்டுத் திகைத்து நிற்கிறார். வெள்ளை மேலங்கி அணிந்த மாணவி சிரிக்கிறார். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நான் அதை நான்கு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த மாணவிக்காக அல்ல. அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளைத் தேடினேன். படம் பிடித்ததும் இன்னொரு பயிற்சி மாணவர்தான் என்பது குரலிலேயே தெரிகிறது. மேற்பார்வை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர் (நோயால் முடியாமல்போன அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர், occupational therapist) எங்கே?

அதை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், ஏனென்றால் திருகோணமலையில் பன்னிரண்டு வருடங்களாக இந்தத் தொழிலைச் செய்கிறேன், மாணவர்களையும் பழக்குகிறேன்.

பொத்தான் மாறிப்போனது சிரிப்புக்குரிய விடயம் அல்ல என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அது என்ன விடயம் என்று யாராவது சொன்னீர்களா? பாரிசவாதம் வந்தவர் சட்டையின் இரண்டு ஓரங்களையும் பொருத்தத் தவறுவது, அன்று காலையில் அந்த மாணவிக்குக் கிடைத்த மிகப் பெரிய தகவல். கை விரல்களின் பலம் போதவில்லையா, ஒரு பக்கத்தை மூளை கவனிக்காமல் விடுகிறதா, அடுத்தடுத்து என்ன செய்வது என்ற ஒழுங்கு குழம்பிவிட்டதா என்று பிரித்தறிய வேண்டிய இடம் அது. கீழ்ப் பொத்தானிலிருந்து மேல்நோக்கிப் போடச் சொன்னால் இரண்டு ஓரங்களும் ஒத்துவருவது கண்ணுக்குத் தெரியும். வலுக்குறைந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். இவ்வளவும் மனத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சிரிப்பு வராது, குறிப்பெடுக்கத்தான் கை போகும். அந்த மாணவிக்கு அது வெறும் வேடிக்கையாகத் தெரிந்தது என்றால், அதை வாசிக்க அருகில் நின்று ஒருவரும் பழக்கவில்லை என்று அர்த்தம். திறமை வேறு, ஒழுக்கம் வேறு என்று இரண்டாகப் பிரித்துவைத்துக்கொண்டு, திறமைக்கு விரிவுரையும் ஒழுக்கத்துக்குத் திட்டும் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. படுக்கையருகே இவை இரண்டும் ஒன்றுதான்.

உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் 1952 முதல் இயங்குகிறது. படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் குறைந்தது 1000 மணித்தியாலங்கள் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது அதன் குறைந்தபட்ச விதி. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் என்று போட்டாலும் 125 நாட்கள். வைத்தியசாலை விடுதியில் மாணவர் சுற்றித் திரிந்த நேரத்தைக் கூட்டி இந்தக் கணக்கை நிரப்பிவிட முடியாது, ஏனென்றால் அது மேற்பார்வையோடு கழிய வேண்டிய நேரம். முதலில் நாங்கள் செய்வதை மாணவர் பார்க்க வேண்டும், பிறகு எங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும், அதன் பிறகு எங்கள் கண்முன்னே அவரே செய்ய வேண்டும். தனியே விடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் என்ன செய்கிறோம்? முதல் நாளே நோயாளியின் கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "பதினோராம் கட்டிலைப் போய்ப் பாரும் பிள்ளை" என்கிறோம்.

இதை நல்லவள் போல நான் சொல்லவில்லை. இறுதியாண்டுப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த ஓர் ஐயா தம்பலகாமத்தில் வயல் செய்தவர். வலப்பக்கம் வாதம், வலக் கையில் சற்றே அசைவு இருந்தது. இடக் கையால் சாப்பிடப் பழக்குவது என் திட்டம். அழகான திட்டம், நேரக் குறிப்போடு, இலக்குகளோடு, ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஐயா இரண்டு நாட்களாகக் கோப்பையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். என் மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு ஏசவில்லை. விடுதிக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய், "ஐயா எந்தக் கையால் கால் கழுவுகிறவர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நானும் இடக் கையால் சோறு தொடாத வீட்டில் வளர்ந்தவள்தானே? வெள்ளை மேலங்கியை மாட்டியதும் அது எப்படி மறந்தது?

மறுநாள் மேற்பார்வையாளரும் என்னோடு வந்து கட்டிலருகே கதிரை போட்டு இருந்தார். "ஐயா, எப்படிச் சாப்பிட விருப்பம்?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் கேட்கும் வரை நான் ஒரு நோயாளியிடமும் கேட்டதில்லை. கைப்பிடி தடித்த கரண்டியை ஐயாவின் வலக் கையில் பட்டியால் கட்டி, இடக் கையால் மணிக்கட்டைத் தாங்கச் செய்தோம். மூன்று வாய்தான் அன்று போனது, மிச்சத்தை மனைவி தீத்திவிட்டார். அந்த மூன்று வாய்க்கும் ஐயா அழுதார், நானும் திரும்பி நின்றேன். அன்றைக்கு என் மேற்பார்வையாளர் தேநீர் குடிக்கப் போயிருந்தால், "ஒத்துழைக்கவில்லை" என்ற வரியோடு நான் சித்தியடைந்திருப்பேன்.

இனி வருகிற கேள்விகளுக்கு வருகிறேன். "அப்படியென்றால் அந்த மாணவி செய்தது சரியா?" சரியல்ல. அந்தப் பெரியவரின் சம்மதம் இல்லாமல் அவரைப் படம் பிடித்தது குற்றம், அதைப் பகிர்ந்தது இரட்டிப்புக் குற்றம், நிறுவனம் விசாரிக்கட்டும். இதைப் பத்துத் தடவை எழுதினாலும் சிலர் நான் நியாயப்படுத்துகிறேன் என்றுதான் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். அந்தப் பெரியவரின் முகத்தை மறைக்காமல் பகிர்ந்து நியாயம் பேசிய உங்களைப் பற்றியும் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

"ஆளணி போதாது, ஒருவர் மூன்று விடுதி பார்க்கிறார்." உண்மை. நானும் பார்க்கிறேன். அதனால்தான் எத்தனை மாணவர்களை என்னால் பார்க்க முடியுமோ அத்தனை பேரைத்தான் அனுப்பச் சொல்கிறேன். அதற்காகத் திமிர் பிடித்தவள் என்ற பெயரும் வாங்கியிருக்கிறேன்.

கைத்தொலைபேசியை வாசலில் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அருமையான யோசனை. சிரிப்பையும் வாசலில் வாங்கி வைக்க ஒரு பெட்டி செய்துவிட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடும். அவரே "எங்கள் காலத்தில் இப்படி இல்லை" என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் காலம் எனக்குத் தெரியும் சேர், அதன் கடைசிப் பகுதியில் நான் மாணவியாக நின்றேன். திரையை இழுத்து மூடாமல், ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு தாயின் போர்வையைப் பத்து மாணவர்களுக்கு முன்னால் விலக்கிக் காட்டியவர்கள் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள், சப்பாத்து மினுங்கியது. அன்றைக்கு யாரிடமும் கமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கும் மாணவருக்குப் புள்ளியிடும் படிவங்களில் உடைக்கும் நேரந்தவறாமைக்கும் கட்டங்கள் இருக்கின்றன. நோயாளியிடம் தன் பெயரைச் சொன்னாரா, தொடுவதற்கு முன் கேட்டாரா, வேண்டாம் என்றபோது நிறுத்தினாரா என்பவற்றைப் பக்கத்தில் நிற்காமல் எப்படிப் புள்ளியிடுவது?

மொழியும் இருக்கிறது. கொழும்பிலும் ராகமையிலும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகளுக்கே, "இப்போது உங்கள் கையைத் தூக்கப் போகிறேன், நொந்தால் சொல்லுங்கோ" என்று மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் சொல்ல நாக்குப் புரள்வதில்லை. சென்ற வருடம் வந்த ஒரு சிங்கள மாணவி ஐந்து தமிழ் வாக்கியங்களைச் சிங்கள எழுத்தில் எழுதி மேலங்கிப் பையில் வைத்திருந்தார். அவற்றில் இரண்டாவது, "செய்யலாமா அம்மா?" என்பது. அந்தத் தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உண்மையில் எனக்கு நோகிற இடம் வேறு. இந்தக் காணொளிக்கு முன்னால் எங்கள் தொழிலின் பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்? வைத்தியசாலைக்குள்ளேயே எங்களைப் பிசியோ என்பார்கள், இல்லாவிட்டால் "விளையாட்டுச் சாமான் மிஸ்" என்பார்கள். முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களைத் திரும்ப வீட்டுக்கும் வேலைக்கும் ஆளாக்குவதில் வளர்ந்த துறை இது. 2004இல் கடல் அடித்த, பல வருடங்கள் போர் அடித்த கிழக்கில், கால் போனவருக்கு வயலுக்கு இறங்கவும் கை போனவளுக்குத் தேங்காய் திருவவும் வழி கண்டுபிடிக்கிறவர்கள் நாங்கள். அதைக் கேட்க ஒருவரும் வரவில்லை. ஒரு பிள்ளை சிரித்தவுடன் ஊரே எங்கள் தொழிலின் ஒழுக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறது.

நானும் சென்ற வருடம் ஒரு கூட்டத்துக்குப் போவதற்காக ஒரு மாணவனை நாற்பது நிமிடம் தனியே விட்டேன். நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அவன் சக்கரத்தைப் பூட்ட மறந்துவிட்டான். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் ஓடிவந்து பிடித்தார். விழவில்லை. அறிக்கையில் என் பெயரையும் எழுதினேன். எழுதத் தேவையில்லை என்று பலர் சொன்னார்கள்.

உள்பெட்டியில் அந்த மாணவியின் பெயரையும் ஊரையும் கேட்டு வந்தவர்களுக்கு: எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் தர மாட்டேன். அன்றைக்கு அந்த விடுதியில் மேற்பார்வைக்குப் பொறுப்பாக இருந்தவர் யார் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.