என் க்ளிக் எல்லாம் எங்கே போகிறது?

புள்ளியியல் மென்பொருளில் வரைபடத்தின் தோற்றத்தை மவுஸால் மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

செங்குத்து அச்சில் இருக்கும் எண்களைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். எண்ணின் மேல் க்ளிக் செய்தால் வரைபடம் முழுவதும் தேர்வாகிறது. மறுபடி செய்தால் கிரிட் கோடு. இன்னும் கொஞ்சம் தள்ளிச் செய்தால் பின்னணிச் சட்டம். ஒருவழியாக எண் சிக்கியதும் டயலாக் பாக்ஸ் திறக்கிறது, அதுவும் நான் பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு. ஃபாண்ட் அளவு ஒரு டேபுக்குள், நிறம் இன்னொரு டேபுக்குள், எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வேறொரு மெனுவுக்குள். அப்ளை அழுத்தும்வரை என்ன மாறியது என்றே தெரியாது. அழுத்தியபின் பார்த்தால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜெண்ட் இடம் பெயர்ந்து கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை யார் தொட்டது?

நிறத்துக்கு வருவோம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. அப்படிப்பட்டவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் ஒகாபே, இட்டோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் எட்டு நிறங்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். அதில் வரும் நீலம் எனக்கு வேண்டும்: சிவப்பு 0, பச்சை 114, நீலம் 178. இந்த மூன்று எண்களைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி கொடுத்தால் வேலை முடிந்தது. கிடைப்பதோ ஒரு வண்ணக் கட்டம், அதில் கண்ணைக் குத்தும் நிறங்கள். "மேலும் நிறங்கள்" என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சக்கரம் வருகிறது, கண்ணால் அளந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நான்கு வரைபடத்திலும் அதே நீலத்தைக் கண்ணால் எப்படி அளப்பது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது ஒன்று இருக்கிறது. தரவில் ஒரு வரி திருத்தி வரைபடத்தைத் திரும்பப் போட்டால், செய்த அத்தனையும் போய்விடும். ஃபாண்ட் போச்சு, நிறம் போச்சு, பழைய சாம்பல் பின்னணி திரும்ப வந்து நிற்கிறது. முதலிலிருந்து ஆரம்பி!

டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைக்கலாமே என்பார்கள். வைத்தேன். ஃபாண்டும் நிறமும் வந்தன. அச்சின் எல்லையும் லெஜெண்டின் வரிசையும் வரவில்லை. எது சேமிக்கப்படும், எது விடுபடும் என்று எங்கும் சொல்லி வைக்கவும் இல்லை.

இதில் என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது என்ன தெரியுமா? அதே மென்பொருளில், இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனையை மெனு வழியாகத் தேர்வு செய்தால், அதற்கான கட்டளையை வரி பிசகாமல் எழுதித் தருகிறது. ஆறு மாதம் கழித்து ஓட்டினாலும் அதே விடை. வரைபட எடிட்டருக்குள் நுழைந்த கணமே அந்த ஒழுங்கு செத்துவிடுகிறது. நான் செய்த எந்த மாற்றத்துக்கும் தடயமே கிடையாது. பகுப்பாய்வைத் திரும்பச் செய்து காட்ட முடிய வேண்டும் என்று சொல்லும் அதே ஆட்கள், படத்தை மட்டும் கைவேலையாக விட்டுவிட்டார்கள்.

முடியாத காரியமும் இல்லை. ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளின் கிராஃப் எடிட்டரில் ரெக்கார்டர் இருக்கிறது. செய்த திருத்தங்களைப் பதிந்து அடுத்த வரைபடத்தில் ஓட்டலாம். ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மொழியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஜிஜிதீம்அசிஸ்ட் என்றொரு துணைக்கருவி உண்டு. மவுஸால் தோற்றத்தை மாற்றினால் அதற்கான ஜிஜிபிளாட் (ஆரில் வரைபடம் போடும் தொகுப்பு) வரிகளை ஸ்கிரிப்டிலேயே எழுதித் தந்துவிடும். தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து கொடுத்ததை, ஆண்டுதோறும் லைசென்ஸ் பணம் வாங்கும் மென்பொருளால் ஏன் செய்ய முடியவில்லை?

உடனே ஒருவர் வருவார்: "பேசாமல் கோட் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்." சரி, கற்கலாம். ஆனால் கோட் எழுத நேரமில்லாத மருத்துவர், செவிலியர், முதலாண்டு ஆய்வு மாணவர் இவர்களுக்காகத்தானே மெனு வைத்தீர்கள்? அவர்களுடைய உழைப்பைத்தானே ஒவ்வொரு முறையும் அழிக்கிறீர்கள்?

அப்புறம் ஏற்றுமதி. ஆய்விதழ் கேட்பது 3.5 அங்குல அகலம், 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்). அதாவது 1050 பிக்சல். திரையில் அளவாகத் தெரிந்த எழுத்து, அந்த அளவில் வெளியே வரும்போது எறும்பு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. பெரிதாக்க வேண்டுமானால் மறுபடி எடிட்டருக்குள் போய், மறுபடி அந்த எண்ணைக் குறிபார்த்து க்ளிக் செய்ய வேண்டும்.