கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள்

போன சனிக்கிழமை எங்கள் வார்டு கிராம சபை. வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். எங்கள் ஊர்க்காரர்கள் முழுசாகப் படித்தால் போதும்.

தெரியாதவர்களுக்கு: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரளா முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் மண். வீட்டில், கடையில், கோயிலில் பேச்செல்லாம் தமிழ். பஞ்சாயத்து ஆபீஸ் காகிதம் மட்டும் மலையாளம்.

மூன்று மணிக்கு என்று சொல்லி மூன்றரைக்குத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட ஹாலின் வாசலிலேயே ஒரு மேஜை, அதன்மேல் கோடு போட்ட நீள நோட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போனால் விண்ணப்ப ஃபாரம். முட்டைக்கோழி, ஆடு, தென்னைக்கு உரம், வீட்டுக் கூரை பழுதுபார்க்க உதவி. காலேஜ் படிக்கிற பிள்ளை ஒன்று உட்கார்ந்து எல்லாருக்கும் மலையாளத்தில் நிரப்பிக் கொடுத்தது. நாலு மணி வரைக்கும் ஹாலில் நிற்க இடமில்லை. நாலரைக்கு ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பற்றிப் பேச்சு எடுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்து எண்ணினேன். எதிரே இருந்தது 19 பேர். நோட்டில் இருந்த கையெழுத்து 124.

2025 டிசம்பர் 11-ஆம் தேதி பஞ்சாயத்துத் தேர்தலுக்கு இதே ஹாலில்தான் ஓட்டுப் போட்டோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள், கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வந்த பையன்கள் எல்லாரும் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் பாதி சனிக்கிழமை உட்கார்ந்திருந்தால்கூட வாய்க்கால் விஷயம் அன்றைக்கே முடிவாகியிருக்கும்.

ஃபாரம் வாங்கிப் போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு ஆட்டை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படிக்கவைக்கிற தாய்க்கு மூன்றாவது ஆடு பெரிய விஷயம். அது அவளுடைய உரிமை. யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்கிற லிஸ்டை முடிவு செய்வதே கிராம சபையின் வேலைதான். ஆனால் ஃபாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த லிஸ்டில் தன் பெயர் எத்தனையாவது என்றே தெரியாமல் போகிறது. அப்புறம் ஆறு மாதம் கழித்து, 'மெம்பர் அவங்க ஆளுக்குக் கொடுத்துட்டாரு' என்று டீக்கடையில் பேசுகிறோம். பெயர் வாசித்தபோது இருந்திருந்தால், 'என்னைவிட அவங்களுக்கு ஏன் முன்னாடி?' என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கேரளாவில் ஒவ்வொரு வார்டுக்கும் தனியாகக் கிராம சபை உண்டு. 1994 சட்டத்தில் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டவேண்டும். கூட்டவேண்டியவர் வார்டு மெம்பர். அடுத்தடுத்து இரண்டு தடவை கூட்டாமல் விட்டால் அவர் பதவியே போய்விடும். அதேபோல வார்டு ஓட்டர்களில் பத்துச் சதவீதம் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். எங்கள் வார்டில் ஆயிரத்து நூறு ஓட்டுக்குமேல் இருக்கிறது, ஆகவே நூற்றுப்பத்துச் சொச்சம் பேர் வேண்டும். வாசலில் நோட்டு வைப்பதும், ஃபாரத்தை நோட்டுக்குப் பக்கத்தில் வைப்பதும் இந்தக் கணக்குக்காகத்தான். மெம்பருக்குக் கையெழுத்து வேண்டும், நமக்கு ஃபாரம் வேண்டும். இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஏரிக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பேச யாரும் மிச்சமில்லை.

என் தங்கச்சியைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அங்கே பஞ்சாயத்து முழுசுக்கும் சேர்த்து ஒரே கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அதோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். அவர்கள் ஊர்த் தலைவர், வார்டு மெம்பர்கள் எல்லாருக்கும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. 2016-லும் இதேதான், அப்போது 2019 கடைசி வரைக்கும் தேர்தல் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள்: 'அக்கா, உங்களுக்குச் சண்டை போடறதுக்காவது ஒரு மெம்பரு இருக்காரு. எங்களுக்குக் குழாய்ல தண்ணி வரலைன்னா யாருகிட்டச் சொல்றதுன்னே தெரியல.' இங்கே 1995-இலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் வந்துகொண்டே இருக்கிறது. கையில் இருப்பதன் அருமை, இல்லாதவர்கள் சொல்லும்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் அம்மா காலத்தில் ஊரில் கூட்டம் என்றால் ஊர்க்கூட்டம்தான். மாரியம்மன் கோயில் முன்னால், நோம்பி (திருவிழா) சாட்டுவதற்கு முந்தி நடக்கும். சில வீட்டு ஆண்கள் திண்ணையில் உட்காருவார்கள், சில வீட்டு ஆண்கள் கீழே நிற்பார்கள், தெற்குத் தெருக்காரர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெண்கள் வருவதே இல்லை. அம்மா எழுபத்தெட்டு வயது வரைக்கும் இருந்தாள். ஊர்ப் பொதுக்காரியம் பேசுகிற கூட்டத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்தவள் இல்லை. எங்கள் ஊரில் எல்லாத் தெருக்காரர்களும், ஆணும் பெண்ணும், ஒரே மாதிரி நீல பிளாஸ்டிக் சேரில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற ஒரே இடம் இந்தக் கிராம சபைதான். அதற்காக மட்டுமே நான் எல்லாச் சபைக்கும் போவேன். நீங்கள் எழுந்து போகும்போது காலியாகிற சேர் எனக்குச் சாதாரணச் சேராகத் தெரியவில்லை.

இப்போது ஆத்தா கதையைச் சொல்கிறேன். எங்கள் அயல்கூட்டத்திலேயே (குடும்பஸ்ரீ பெண்கள் குழு) மூத்தவர், பெயர் வேண்டாம். ஆறேழு வருஷம் முந்தி நடந்தது. சுடுகாட்டுக்குப் போகிற வழி முழுக்கச் சீமைக்கருவேல முள். மழை பெய்தால் நடுவில் முழங்கால் சேறு. அந்த ஐப்பசியில் அவர் வீட்டுக்காரரைத் தூக்கிப் போனவர்கள் சேற்றில் கால் வழுக்கி, பாடையை ஒருபக்கம் கீழே வைத்து எடுக்கவேண்டி வந்தது. அடுத்து வந்த கிராம சபையில் ஆத்தா எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றார். நடந்ததை நடந்தபடி, அழாமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த அலுவலர் தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினார். ஆத்தா உட்காரவில்லை.

'சாமி, நீங்க எழுதுனத ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க.'

அவர் படித்தார்: 'வழியுடெ காரியம் சர்ச்ச செய்து.' வழியைப் பற்றிப் பேசப்பட்டது, அவ்வளவுதான்.

'எந்த வழீங்க சாமி? நானு சுடுகாட்டு வழியச் சொன்னனுங்க. முள்ளுன்னு சொன்னனுங்க. சேறுன்னு சொன்னனுங்க. அது மூணும் அதுல வரோணுங்க.'

ஹாலில் சத்தமே இல்லை. அலுவலர் நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் திருத்தி எழுதினார். எங்கிருந்து எங்கே வரைக்கும், எத்தனை மீட்டர், முள் வெட்டவேண்டும், மண் கொட்டி உயர்த்தவேண்டும் என்று நாலு வரி. மறுபடியும் படித்துக் காட்டினார். 'ம், இப்பச் சரிங்க' என்று சொல்லிவிட்டுத்தான் ஆத்தா உட்கார்ந்தார். அடுத்த வருஷம் தொழிலுறப்பில் முள்ளை வெட்டினார்கள் (தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பார்கள்). அதற்கடுத்த வருஷம் பஞ்சாயத்துப் பணத்தில் சேறு நிற்கிற இடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டார்கள். இதே வழியைப் பற்றி அதற்கு முன் ஐந்தாறு சபைகளில் பேசியிருக்கிறோம், நானே பேசியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை, காரணம் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) 'வழியைப் பற்றிப் பேசப்பட்டது' என்பதோடு முடிந்துபோயிருந்தது. அந்த ஒரு வரியை வைத்து எந்த எஞ்சினியராலும் எஸ்டிமேட் போடமுடியாது.

ஆகவே பேசினால் மட்டும் போதாது. எழுதவைக்கவேண்டும், படித்துக்காட்டச் சொல்லவேண்டும், அது முடிகிற வரைக்கும் உட்காரவேண்டும். நமக்கு மலையாளம் எழுதப் படிக்க வராது என்று தயங்கவேண்டாம். 1969-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்திலேயே கேரளாவிலுள்ள தமிழர்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடத்து ஆபீஸ்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரவேண்டும். நான் தமிழில்தான் மனு எழுதுகிறேன். 'மலையாளத்தில் தந்தால் சௌகரியம்' என்று ஒருவர் சொன்னபோது இந்தச் சட்டத்தைச் சொன்னேன். மனுவை வாங்கிக்கொண்டார்.

'பஞ்சாயத்துக்கு என்னங்க பெரிய அதிகாரம் இருக்குது?' என்று கேட்பவர்களிடம் நான் பெருமாட்டிப் பஞ்சாயத்தைத்தான் சொல்வேன். நம் சித்தூர் தாலுக்காவிலேயே இருக்கிறது. அங்கே பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை வந்தபிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002-இல் ஆதிவாசிப் பெண்கள் போராட்டம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. 2003-இல் அந்த ஆலைக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கமாட்டோம் என்று முடிவெடுத்தது அந்தக் கிராமப் பஞ்சாயத்துதான். வழக்கு ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று போனது. ஆலை 2004-இல் நின்றது, மறுபடியும் ஓடவே இல்லை. அவ்வளவு பெரிய கம்பெனியிடம் முடியாது என்று சொல்ல ஒரு பஞ்சாயத்துக்குத் தெம்பு வந்தது, வெளியே ஜனங்கள் உட்கார்ந்திருந்ததால்தான். பணமும் இல்லாமல் இல்லை. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். அதில் நம் வார்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுகிற இடம்தான் இந்த ஹால்.

பஞ்சாயத்துப் பக்கமும் குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப்பில் நோட்டீஸ் போட்டுவிட்டு மறுநாள் மூன்று மணிக்கு வா என்றால், சனிக்கிழமை கூலி வாங்குகிறவன் எப்படி வருவான்? நாலு மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றவேண்டிய பெண்கள் எப்படி உட்காருவார்கள்? அன்றைக்கு எழுந்து போனவர்களில் பாதிப்பேர் பால் கேனை நினைத்துத்தான் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கலாம். ஒரு வாரம் முந்தியே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லலாம், அயல்கூட்டத்தில் சொல்லலாம். ஊருக்குப் பொதுவான விஷயத்தை முதலில் பேசிவிட்டு ஃபாரத்தைக் கடைசியில் கொடுக்கலாம். இந்த மூன்றையும் எழுதிப் புது மெம்பர் கையில் கொடுத்திருக்கிறேன். சின்ன வயசுப் பெண், கேட்டுக்கொண்டார், பார்ப்போம்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் குரூப்பில் தெருவிளக்கு எரியவில்லை என்று போட்டோ போடுகிறீர்கள், கீழே நாற்பது பேர் கோப முகம் போடுகிறீர்கள். நல்லது, அக்கறை இருக்கிறது. போட்டோ எடுக்கும்போது கம்பத்தில் எழுதியிருக்கிற நம்பரையும் சேர்த்து எடுங்கள். எரியாத கம்பங்களின் நம்பரையெல்லாம் ஒரு தாளில் எழுதி, யாராவது ஒருத்தர் சபைக்குக் கொண்டுவாருங்கள். அந்தத் தாளை மினிட்ஸோடு சேர்க்கவைக்க என்னால் முடியும்.

இனி வாய்க்கால். நமக்கு மழை குறைவு, மலையாள தேசத்தில் மற்ற இடத்தில் கொட்டுவது இங்கே கொட்டுவதில்லை. ஆழியாற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளாவுக்குத் தரவேண்டும். அதை வாங்கித் தருவது அரசாங்கத்தின் வேலை. அந்தப் பெரிய கணக்கில் நாம் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் கால்வாயிலிருந்து நம் ஏரிக்கு வருகிற இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் வாய்க்கால் நம்முடையது. கால்வாயில் தண்ணீர் விட்ட அன்றைக்கும் ஏரிக்கு வராமல் பாதி வழியிலேயே நின்றதைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை, கிழிந்த உரச்சாக்கு, ஓரிடத்தில் யாரோ இடித்துப் போட்ட செங்கல். ஏரி நிரம்பினால் கிழக்குத் தெருவில் போர்வெல் எல்லாம் ஊறும். சென்ற கோடையில் அந்தத் தெருவில் நாலு நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர் பிடித்தார்கள். அவர்கள் வீட்டு ஆளே சனிக்கிழமை ஃபாரம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

19 பேர் இருந்தோம், பேசினோம். மினிட்ஸில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். 'வாய்க்கால் சுத்தம் செய்வது பற்றிப் பேசப்பட்டது.' எங்கே அடைத்திருக்கிறது, எத்தனை மீட்டர் என்று அவர் திருப்பிக் கேட்டபோது என்னிடமே சரியான பதில் இல்லை. அது என் தப்பு. ஆத்தா அன்றைக்கு எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கால்வாய் மதகிலிருந்து ஏரி வரைக்கும் நடந்து பார்க்கப் போகிறோம். அளவு நாடா நான் கொண்டுவருகிறேன். அடைப்பு இருக்கிற இடத்தையெல்லாம் அளந்து எழுதி அடுத்த சபைக்குக் கொண்டுபோவோம். கிழக்குத் தெருவிலிருந்து இரண்டு பேராவது வாருங்கள், அங்கே எந்த வளைவில் தண்ணீர் திரும்புகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். நல்ல செருப்பாகப் போட்டு வாருங்கள், கரையெல்லாம் முள் கிடக்கிறது.