அந்தப் பெரியவர் கேட்டதில் என்ன தப்பு?

கிருஷ்ணகிரி மண்டபத்துல நடந்த ஷேர் மார்க்கெட் வகுப்பு வீடியோ உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். தக்காளி போடுற பெரியவர் எழுந்து, "சப்போர்ட்னா என்னங்க தம்பி?"ன்னு கேட்டார். "ஐயா, இதெல்லாம் உங்களுக்கு செட் ஆகாது"ன்னாங்க வகுப்பு எடுத்தவங்க. கூட்டமே சிரிச்சது. ரெண்டு நாளா மனசு ஆறலை.

ஃபீஸ் வாங்கும்போது செட் ஆனவர், அர்த்தம் கேட்டா செட் ஆகமாட்டாரா?

ராயக்கோட்டை மண்டியில விலை இறங்கிக்கிட்டே வரும். ஒரு விலைக்கு வந்ததும் வெளியூர் வியாபாரிங்க லாரியை நிறுத்தி அள்ளுவாங்க, சரிவு நிக்கும். ஷேர் விலையிலயும் அப்படி சரிவு நிக்கிற இடம்தான் சப்போர்ட். ஏறும்போது, பறிக்காம விட்டவங்க எல்லாம் பெட்டி பெட்டியா கொண்டுவந்து இறக்குவாங்க, ஏத்தம் முட்டி நிக்கும். அது ரெசிஸ்டன்ஸ். இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? விலை ஏத்த இறக்கத்தைக் காட்டுற கேண்டில் சார்ட்டே ஜப்பான் அரிசி வியாபாரிங்ககிட்ட இருந்து வந்ததுதானே!

அர்த்தம் தெரியாம பணம் போட்டவன் நான். ஆர்எஸ்ஐன்னு ஒரு அளவு இருக்கு, அது 70ஐத் தாண்டினா 'ஓவர்பாட்', அதாவது அளவுக்கு மேல வாங்கிட்டாங்க, விலை இறங்கிடும்னு சொல்லிக் கொடுத்தாங்க. 78 காட்டுச்சு, விலை இறங்கினா லாபம் தர்ற 'புட்' ஆப்ஷனை வாங்கினேன். மறுநாளும் விலை ஏறுச்சு, அதுக்கு மறுநாளும் ஏறுச்சு. பொதுவா 14 நாள் கணக்கை வச்சு, ஏத்தத்தோட கை எவ்வளவு ஓங்கியிருக்குன்னு காட்டுறதுதான் ஆர்எஸ்ஐ. மார்க்கெட் வலுவா ஏறும்போது வாரக்கணக்கா 70க்கு மேலயே நிக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லலை. 38 ஆயிரம் போச்சு, வீட்டுக்காரம்மா கட்டின நகைச்சீட்டுப் பணம்.

"ஆப் எல்லாம் இங்கிலீஷ், தமிழ்ல சொல்லி என்ன பண்றது?"ன்னு கேப்பீங்க. சொல்லை மாத்தச் சொல்லலைங்க. சப்போர்ட்டை சப்போர்ட்னே சொல்லுங்க, அர்த்தத்தைச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன். அர்த்தம் தெரிஞ்சவங்களும் நஷ்டப்படுறாங்களேன்னா, உண்மைதான். எஃப் அண்ட் ஓவுல, அதாவது நான் வாங்கின புட் மாதிரி ஆப்ஷன், ஃப்யூச்சர் வியாபாரத்துல, 2021-22லிருந்து மூணு வருஷத்துல தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே 2024ல சொல்லியிருக்கு. அப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிட்டுப் போறவங்க கேள்வி கேக்கறவரைப் பார்த்து சிரிக்கலாமா?

"காசு விட்ட கோபத்துல பேசறான்"னு ஒருத்தர் கமெண்ட் போடுவார். ஆமாங்க, கோபம்தான். எங்கப்பா பேங்க்ல செலான் எப்படி எழுதறதுன்னு கேட்டப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவர் எந்த ஆபீஸ்லயும் வாயைத் திறந்ததே இல்லை. எல்லாத்துக்கும் என்னை அனுப்புவார்.

வீடியோ கடைசியில பாருங்க. பெரியவர் நோட்டுல 'சப்போர்ட்'னு எழுதி, பக்கத்துல இடம் விட்டு வச்சிருக்கார். அவரைத் தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. எந்த ஊரா இருந்தாலும் நானே வண்டி எடுத்துட்டு வரேன்.