சரிபாதி நாள் என்றால் பணம் தர வேண்டாமா?

“பிள்ளை பாதி நாள் உன்னிடம், பாதி நாள் என்னிடம். அப்புறம் நான் எதற்குப் பணம் தர வேண்டும்?”

பிரிந்த பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி. காதில் விழும்போது நியாயமாகத்தான் படும். இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று என்றால் நியாயமும்கூட. ஆனால் அப்படி அமைவது குறைவு. ஒருவர் பிள்ளைக்காகச் சில வருடம் வேலையை விட்டிருப்பார், இல்லை அரைநாள் வேலைக்கு மாறியிருப்பார். அவருக்கும் முழுச் சம்பளக்காரருக்கும் நாட்களை மட்டும் சமமாகப் பிரித்துவிட்டு “கணக்கு தீர்ந்தது” என்றால் எப்படி?

நாள் பிரிகிற மாதிரி செலவு பிரியாது. வாரத்தில் மூன்றரை நாள் தங்கும் பிள்ளைக்காக அரை அறையை வாடகைக்கு எடுக்க முடியாது. கட்டில், படிக்கிற மேசை, மாற்றுத்துணி எல்லாம் இரண்டு வீட்டிலும் வேண்டும்.

பிரிட்டன் சட்டம், பணம் தருகிறவரிடம் பிள்ளை தங்கும் இரவுகளை எண்ணுகிறது. அவருக்கு வாரம் 800 பவுண்டு மொத்த வருமானம், ஒரே பிள்ளை, அந்தப் பிள்ளையும் தன்னிடம் தங்குவதில்லை என்றால் 12 சதவீதம், அதாவது 96 பவுண்டு தர வேண்டும். வருடத்துக்கு 52 இரவு தங்கினால் அதில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 இரவுக்கு ஏழில் இரண்டு, 156க்கு ஏழில் மூன்று. 175ஐத் தொட்டால் பாதியாகி, அதிலும் 7 பவுண்டு கழிந்து 41 பவுண்டு ஆகிவிடும். 174வது இரவுக்கும் 175வது இரவுக்கும் நடுவே வாரம் கிட்டத்தட்ட 14 பவுண்டு வித்தியாசம்! ஓர் இரவுக்காக ஏன் அப்படிச் சண்டை நடக்கிறது என்று இப்போது புரியும். இரவு மட்டுமில்லை, அன்றாடப் பராமரிப்பும் சரிசமம் என்று ஏற்கப்பட்டால் தொகை பூஜ்யம். பிள்ளையின் பெயரில் அரசு தரும் சைல்ட் பெனிபிட்டை ஒருவர்தான் வாங்க முடியும் என்பதால், அதை வாங்குகிறவரே முதன்மைப் பராமரிப்பாளர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று சொல்கிற மற்றவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பணம் பெறுகிறவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது இதில் எங்கேயும் வருவதில்லை.

ஆஸ்திரேலியாவில் இருவர் வருமானத்தையும் பார்க்கிறார்கள். அவரவர் பிழைப்புக்கு ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மீதியைக் கூட்டி, அதற்கேற்பப் பிள்ளையின் செலவை நிர்ணயிக்கிறார்கள். கூட்டு வருமானத்தில் 70 சதவீதம் ஒருவருடையது, பராமரிப்பு சரிபாதி என்றால், பிள்ளையின் செலவிலும் 70 சதவீதம் அவர் பங்கு. அதில் பாதிச் செலவை, அதாவது 50 சதவீதத்தை, அவர் நேரடியாகவே செய்துவிட்டதாகக் கருதி, செலவில் மீதி 20 சதவீதத்தை மற்றவருக்குத் தரச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையாகத் தெரிகிறது. கனடாவில் 40 சதவீத நேரம் என்று ஒரு கோடு உண்டு; பிள்ளை இருவரிடமும் அவ்வளவு நேரமாவது இருந்தால் கணக்கு வேறு. அதைத் தொட்டாலும், ஒவ்வொருவரும் தர வேண்டிய தொகையை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்து முடித்துவிடக் கூடாது, இரண்டு வீடு நடத்தும் கூடுதல் செலவையும் இருவரின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது.

இந்தியாவில் இப்படி ஒரு வாய்ப்பாடு கிடையாது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் பிள்ளையைக் காக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர்மேலும் வைக்கிறது. 2000இல் பத்மஜா சர்மா வழக்கில், இருவரும் சம்பாதிக்கிறார்கள் என்பதால் பிள்ளைகளின் செலவைத் தந்தை இரண்டு பங்கு, தாய் ஒரு பங்கு என ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரிபாதிப் பராமரிப்பு வழக்கு இல்லைதான். ஆனாலும் வருமானத்துக்கு ஏற்ற பங்கு என்ற வழி அதில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. தொகை குறையும் என்பதற்காகவே கூடுதல் இரவு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தொகை குறைந்துவிடும் என்று பயந்து, பிள்ளையைப் பார்க்க விடாமல் இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது தரப்பை எல்லாரும் திட்டுகிறார்கள், முதல் தரப்பை “நல்ல அப்பா”, “நல்ல அம்மா” என்று மெச்சுகிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

பணம் போய்ச் சேருவது முன்னாள் துணைக்கு, அதனால் கை வர மறுக்கிறது. சரி, அதுவும் மனித இயல்புதான். அப்படியானால் பிள்ளைக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இருவரும் சம்பள விகிதப்படி மாதாமாதம் போடட்டும். பள்ளிக் கட்டணம், செருப்பு, பல் மருத்துவர், சுற்றுலா எல்லாம் அதிலிருந்தே போகட்டும். வருடத்துக்கு ஒருமுறை சம்பளச் சீட்டைக் காட்டி விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒருவரே போட்டால் அந்தச் சம்பளப் பிடித்தத்தை அதே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் இருக்கட்டும்.