ரிப்போர்ட்டில் வராத டி செல்கள்

கொரோனா வந்து போன சில மாதம் கழித்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து, "எண் இறங்கிடுச்சு, எதிர்ப்பு சக்தி போச்சு" என்று பதறுவது இன்னும் நிற்கவில்லை. எண் இறங்கத்தான் செய்யும். தொற்று நடக்கும்போது ஆன்டிபாடியைக் கொட்டித் தள்ளிய செல்களில் பெரும்பாலானவை கொஞ்ச காலத்தில் செத்துவிடும். அதற்குப் பிறகு உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த டெஸ்டில் பதில் கிடையாது. வேறு நோய் இல்லாதவர்கள் அதற்குக் காசு செலவழிப்பது வீண் என்பதுதான் என் கருத்து.

வைரஸ் வெளியே சுற்றும்வரைதான் ஆன்டிபாடியால் அதைப் பிடிக்க முடியும். செல்லுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் அதன் கை எட்டாது. அங்கேதான் டி செல் என்ற வெள்ளணு வருகிறது. சிவப்பணு தவிர நம் செல் ஒவ்வொன்றும் தனக்குள் தயாராகும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமில நீளத் துண்டுகளாக, ஹெச்எல்ஏ என்ற தாங்கியில் வைத்து வெளிப்பரப்பில் காட்டும். உள்ளே இன்று என்ன சமையல் என்று மெஸ் வாசலில் எழுதிப் போடுவார்களே, அந்த மாதிரி. சிடி8 என்ற வகை டி செல் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே போகும். வைரஸ் துண்டு கண்ணில் பட்டால் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே விட்டு, அந்தச் செல்லையே சாகடிக்கும். சிடி4 என்ற இன்னொரு வகை டி செல்களுக்கு முக்கிய வேலை ஏவுவது. ஆன்டிபாடிக்குப் பொறுப்பான பி செல்லைத் தரமான ஆன்டிபாடி செய்யவைப்பதும் சிடி8-க்குத் தெம்பு கொடுப்பதும் அவைதான்.

இதற்கு நாள் பிடிக்கும். தொண்டையில் வைரஸைப் பிடித்த டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போக வேண்டும். கழுத்தில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அது இந்தக் கணுவின் வீக்கம்தான். தடுப்பூசி போட்ட கைப்பக்கம் அக்குளில் சிலருக்கு நெறி கட்டியதும் இதே வேலை நடந்ததால்தான். ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, பெருக்கி, நுரையீரலுக்கு அனுப்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடும். அதற்குள் இந்த வைரஸ் இன்டர்ஃபெரான் என்ற முதல் எச்சரிக்கை மணியை அடிக்கவிடாமல் அமுக்கியும் வைக்கிறது. வயதானவர்களுக்குக் கூடுதல் சிக்கல்: டி செல்கள் பழகும் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பி சுருங்கிப் போயிருப்பதால் புது வைரஸைப் படிக்கத் தெரிந்த புது டி செல்கள் குறைவு. தீவிர நோயாளிகளின் சாதாரண சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டிலேயே, டி செல்களும் சேர்ந்த லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 1000-க்குக் கீழே விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

இரண்டாம் முறை கதை வேறு. தேடும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நினைவு டி செல்கள் சீக்கிரமே கிளம்பிவிடும். சளி, காய்ச்சல் வரும். ஆனால் பெரும்பாலும் நுரையீரல்வரை இறங்காது. "ஊசி போட்டும் கொரோனா வந்துச்சே" என்று கேட்பவர்கள், ஐசியூவுக்குப் போகாமல் வீட்டிலேயே எழுந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு காலம் நிற்கும்? தொற்றுக்குப் பிறகான முதல் மாதங்களில் டி செல்களும் குறையும். மூன்றிலிருந்து ஐந்து மாதத்தில் பாதியாகும் என்று அமெரிக்காவின் லா ஹோயா நோயெதிர்ப்பு ஆய்வு நிறுவனம் அளந்தது. பிறகு சரிவு மெதுவாகிவிடும். 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில், 17 ஆண்டு கழித்தும் அந்த வைரஸின் 'N' என்ற புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததை 2020-இல் சிங்கப்பூரில் அந்தோனியோ பெர்டோலெட்டி குழு காட்டியது. ஒமிக்ரான், வைரஸின் மேலே முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதத்தில் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்து பழைய ஆன்டிபாடிகளை ஏமாற்றியது. ஆனால் ஸ்பைக்குக்கு எதிரான டி செல் வினையில் 70–80 சதவீதம் அப்படியே இருந்ததைக் கேப் டவுன் ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணம் எளிது. டி செல் படிக்கும் துண்டுகள் புரதம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எந்தத் துண்டு பலகையில் ஏறும் என்பது ஆளுக்கு ஆள் ஹெச்எல்ஏ-வைப் பொறுத்து மாறும். எல்லோரையும் ஒரே மாற்றத்தில் ஏய்க்க வைரஸால் முடியாது.

இதை வைத்துக் குதிக்கவும் கூடாது. லா ஹோயாவில் 2015–2018-இல் எடுத்து வைத்த ரத்த மாதிரிகளிலேயே, பாதிப் பேர் அளவில், புது வைரஸை அடையாளம் காணும் சிடி4 செல்கள் இருந்தன. சாதாரணச் சளி தரும் கொரோனா வைரஸ்களின் மிச்சம் அதற்கு ஒரு காரணம். 2020-இல் இதைப் பிடித்துக்கொண்டு "பாதி ஜனத்துக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கு" என்று எழுதித் தள்ளினார்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியா எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ரத்தத்தில் டி செல் தென்படுவது ஒன்று, அது ஆளைக் காப்பாற்றும் அளவுக்கு இருப்பது இன்னொன்று.

நம் நாட்டில் நடந்த பெரிய தவறு, அழற்சியை அமுக்கும் ஸ்டீராய்டை நேரம் பார்க்காமல் கொடுத்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள்: பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. ஏனென்றால் முதல் வாரத்தில் டி செல் படை அப்போதுதான் திரளுகிறது. அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் கையைக் கட்டிப்போட்டு வைரஸுக்கு வழி விடுகிறோம். அழற்சி கட்டுமீறுவது பின்னால்தான். வாட்ஸப் மருந்துச் சீட்டில் இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர் கருப்புப் பூஞ்சையோடும் போராட வேண்டியிருந்தது.

"அப்போ டி செல்லுக்கு டெஸ்ட் இல்லையா?" இருக்கிறது, எலிஸ்பாட். காசநோய்க்குப் பார்க்கும் மாண்டூ ஊசியில் கை தடிப்பதும் டி செல் வேலைதான். இது அதையே ஆய்வகத்தில், குழிகள் உள்ள தட்டில் பார்ப்பது. ஹெப்பாரின் குழாயில் ரத்தம் எடுத்து, ஒரு குழிக்கு சுமார் 2.5 லட்சம் வெள்ளணுக்கள் போட்டு, வைரஸ் துண்டுகளைச் சேர்த்து, 37 டிகிரியில் 16–20 மணி நேரம் வைத்தால், இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் புரதத்தைச் சுரந்த ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும். குழாயை ஃபிரிட்ஜில் வைத்தால் செல்கள் சோர்ந்துவிடும். பாசிட்டிவ் கன்ட்ரோல் குழியிலும் (புள்ளி வந்தே ஆக வேண்டிய ஒப்பீட்டுக் குழி) புள்ளி வரவில்லை என்றால் அது "நெகட்டிவ்" ஆகாது, டெஸ்டே செல்லாது. இன்னொன்று, உடம்பின் லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடும். நுரையீரலில் குடியிருக்கும் டி செல்கள் ஊசிமுனைக்குச் சிக்குவதே இல்லை.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப் போடுபவர்களுக்கு பி செல் போய்விடும். ஊசிக்கு ஆன்டிபாடி பெரும்பாலும் சரியாக வராது, ஆனால் டி செல் பலருக்கு வரும். ஆகவே அவர்கள் ஊசியைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீரக மாற்று செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் நேரடியாக டி செல்லையே அமுக்குகிறது. இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் "பார்க்கலாம்" என்று நாள் கடத்தக் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். அதிலும் நிர்மட்ரெல்விர் என்ற அந்த வகை மாத்திரையோடு சேர்ந்து வரும் ரிட்டோனாவிர், டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். முதல் மாத்திரைக்கு முன்பே உறுப்பு மாற்று மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.