வீட்டு வரிக்குள் ஒரு தண்ணீர்க் காசு

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் சொந்த வீடு வைத்திருக்கிற எல்லார் கையிலும் இந்நேரம் சொத்து வரி பில் வந்திருக்கும். முதல் தவணைக்கு டிசம்பர் 10 கடைசி நாள். கட்டுவதற்கு முன் பில்லை ஒருமுறை அடிவரை படித்துவிடுங்கள். 'ஸ்டேட் வாட்டர் புராஜெக்ட்' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். வடக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் மாநிலத் திட்டம் அது.

"மாசா மாசம் தண்ணி பில் கட்டுறோமே, வீட்டு வரியில வேற எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம் வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் அமிழ்ந்து போகாமல் இருக்கத்தான் அந்தக் காசு.

ஒரு காலத்தில் இங்கே முழுக்கப் பழத்தோட்டங்கள். கிணறு தோண்டி இறைத்துக்கொண்டே இருந்ததில் நிலம் இறங்கியது. 1960களின் இறுதிக்குள் சான் ஹோசே நகர நடுப்பகுதி சுமார் 13 அடி இறங்கிவிட்டது. கடலோர அல்விசோ இன்றும் கடல் மட்டத்துக்குக் கீழேதான். 1960இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து, இந்த ஸ்டேட் வாட்டர் புராஜெக்டுக்காக 175 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். வடக்கிலிருந்து வரும் அந்தத் தண்ணீர் 1965இல் இங்கே வந்து சேர்ந்தது. சில வருடங்களில் நிலம் இறங்குவது ஏறக்குறைய நின்றது.

கேம்ப்பெல்லில் லாஸ் கேட்டோஸ் ஓடையை ஒட்டி வரிசையாகக் குளங்கள் உண்டு. ஊரிலிருந்து வந்த அப்பாவை ஒரு மாலை அங்கே கூட்டிப்போனேன். இந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கத்தான் விடுகிறார்கள் என்றேன். கரையில் குனிந்து ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "ஏரியில தண்ணி நின்னாத்தானப்பா கிணத்துல ஊறும்" என்றார். அவருக்கு நான் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் அந்த வரி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பங்கு போடுகிற விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. 1978இல் வந்த புரொப்பசிஷன் 13 சட்டப்படி, வீட்டை வாங்கிய விலைதான் வரிக்கு அடிப்படை. அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதுகளில் வாங்கியவர். நாங்கள் வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. இரண்டும் ஒரே அளவு வீடு, ஒரே குழாய்த் தண்ணீர். ஆனால் நான் கட்டுவது அவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு. பென்ஷனில் வாழும் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கழுத்தளவு கடனில் இப்போதுதான் வீடு வாங்கிய இளம் குடும்பங்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

2012இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்குப் பெற்று வந்த 'சேஃப் கிளீன் வாட்டர்' என்ற இன்னொரு தண்ணீர் வரி எனக்கு நியாயமாகப் படுகிறது. அதற்கு வீட்டு விலை கணக்கில்லை. மனையின் அளவும் பயன்பாடும்தான் கணக்கு. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு விலக்கும் உண்டு. 2020இல் மக்கள் அதை மறுபடியும் ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மில் பலருக்கு இங்கே ஓட்டு கிடையாது. வரி மட்டும் உண்டு. ஆனால் இந்த வரிகளைப் போடுகிற கவுன்ட்டித் தண்ணீர் வாரியமான 'வேலி வாட்டர்' அமைப்பின் ஏழு இயக்குநர்களும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், விசாவெல்லாம் கேட்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். இனி வரும் திட்டங்களுக்காவது மனை அளவை வைத்து வரி போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், ஒரே காரில் போய்விடலாம்.